புதிய குடிநீர் முறைக்கு வளர்ந்த கோழிகளைப் பழக்குதல்

வளர்ச்சித் திட்டம் ஒன்றின்கீழ் புதிய கருவி வழங்கப்படும்போது, அதனைப் பயன்படுத்தும் முறை பயனாளிக்குக் கற்றுத்தரப்படுகிறது. உழவர்க்குத் தெளிப்பான், நெசவாளர்க்குப் புதிய தறி, இல்லத்தரசிக்குச் சாண எரிவாயு அடுப்பு என எதுவாயினும் விளக்கக் கூட்டமும் செயல்முறைப் பயிற்சியும் உடன் செல்கின்றன. ஆனால் கோழி வளர்ப்பில் நிலைமை சற்று வேறானது. அங்குக் கருவியைப் பெறுபவர் மனிதர். அதனைப் பயன்படுத்த வேண்டியதோ கோழி. கூண்டைப் பெற்றவருக்குப் பயிற்சி அளித்தாலும், கூண்டினுள் இருக்கும் பறவைக்கு அதனைக் கற்பிப்பார் இல்லையெனில், நிறைந்த தொட்டியின் கீழேயே கோழி தாகத்தால் வாடும்.

இது மிகைக்கூற்று அன்று. தட்டிலும் சட்டியிலும் நீர் அருந்தி வளர்ந்த கோழியைத் திடீரென நிப்பிள் எனப்படும் குடிநீர் முனை பொருத்திய கூண்டுக்கு மாற்றும்போது, அம்முனைக்குள் நீர் இருப்பதை அது அறியாது. கண்ணுக்குத் தெரியாத நீரைத் தேடும் இயல்பு அதற்கு இல்லை. இந்த மாற்றத்தை எவ்வாறு இழப்பின்றி நடத்துவது என்பதைத் திருவனந்தபுரம் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வளர்ந்துள்ள வீட்டுக் கோழி வளர்ப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கைமாறும் கோழி

கேரளத்தில் வீட்டு நிலம் சென்ட் கணக்கில் அளக்கப்படுகிறது. பண்ணை வைக்கப் போதிய இடம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. மாநிலத்தின் முட்டைத் தேவையில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டின் நாமக்கல் வட்டாரப் பண்ணைகளே நிறைவு செய்கின்றன. இந்தச் சார்பைக் குறைக்கவும், பெண்களின் கையில் சிறு வருமானம் சேர்க்கவும் கேரள அரசு வீட்டுக் கோழி வளர்ப்பைத் தொடர்ந்து ஊக்குவித்து வந்துள்ளது. 1989ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. ‘கெப்கோ’ என்று அழைக்கப்படும் இக்கழகம் கணவரை இழந்த பெண்களுக்கு ஆச்ரயா, நகரவாசிகளுக்கு நகரப்பிரியா எனப் பல திட்டங்களை நடத்தியது. நகரப்பிரியா திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு ஐந்து முட்டைக்கோழிகளும் ஒரு கூண்டும் வழங்கப்பட்டன. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கமும் அயலகக் குழுக்களின் வாயிலாக இத்தொழிலைப் பரப்பியது. திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் கால்நடை வளர்ப்புத் துறையின் வட்டாரக் கோழிப் பண்ணை உள்ளது. மண்ணுத்தியில் உருவாக்கப்பட்ட கிராமலட்சுமி போன்ற இனங்களும், கூண்டில் வளர்வதற்கென விற்கப்படும் கலப்பினங்களும் வீடுகளைச் சென்றடைகின்றன.

ஒரு கோழி வீடு சேரும் வழியை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். குஞ்சு பொரிப்பகத்தில் பிறக்கிறது. அங்கிருந்து ‘எக்கர் நர்சரி’ எனப்படும் வளர்ப்பகத்திற்குச் சென்று சுமார் ஒன்றரை முதல் இரண்டு மாதம் வரை வளர்கிறது. பின்னர் வீட்டுக்கு வருகிறது. அல்லது வேறொரு பண்ணையில் முட்டையிடும் பருவம் வரை வளர்ந்து அதன்பின் கூண்டுக்கு வருகிறது. இவ்வாறு இரண்டு மூன்று கைகள் மாறுகையில் தீவனத்தொட்டியும் நீர்க்கலமும் மாறுகின்றன. ஆழ்கூளத் தரையில் கவிழ்த்த குடுவையும் தட்டும் கொண்டு நீர் வைக்கும் வளர்ப்பகங்கள் பல. மாடியில் வைக்கும் கூண்டிலோ குழாயும் நிப்பிளும் இருக்கின்றன. முட்டையிடத் தொடங்கும் வயதில், பயணக் களைப்புடன், அறிமுகமில்லாத நான்கு கோழிகளின் நடுவே, அறியாத ஒரு கருவியிலிருந்து நீர் அருந்துமாறு அக்கோழி எதிர்பார்க்கப்படுகிறது.

திறந்த நீரின் குறைகள்

அப்படியாயின் பழைய தட்டையே வைத்துக்கொள்ளலாகாதா என்ற கேள்வி எழும். திறந்த நீர்க்கலத்தில் சில நன்மைகள் உண்டு. கோழிக்கு அது இயல்பானது. அலகை நனைத்து நிறைய நீரை விரைவில் குடிக்கலாம். பிரிட்டனில் இறைச்சிக் கோழிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், இரண்டும் கிடைக்கும்போது பறவைகள் நிப்பிளைவிடத் திறந்த நீரையே நாடின.

எனினும் அதன் குறைகள் பெரியவை. தட்டில் தீவனத் துகளும் எச்சமும் விழுகின்றன. இரத்தக்கழிச்சல், பாக்டீரியாக் கழிச்சல் முதலிய நோய்கள் ஒரு பறவையின் எச்சத்திலிருந்து மற்றொன்றின் வாய்க்கு எளிதில் செல்கின்றன. சிந்திய நீர் கூளத்தை நனைத்து அம்மோனியா வாயுவைப் பெருக்குகிறது. மாற்றாது விடப்படும் கலத்து நீரில் கொசு முட்டையிடும். டெங்குக் காய்ச்சல் அடிக்கடி தலைகாட்டும் கேரளத்தில் இது மனிதர் நலத்தையும் தொடும் செய்தி. காக்கையும் பிற பறவைகளும் வந்து அருந்தும் நீர் நோய்க்கு வழி திறக்கும். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டு, சுற்றுப்புறத்துக் கோழிகள் அழிக்கப்பட்டன. காட்டுப்பறவைகளின் எச்சம் கலவாத நீரை வழங்குவது இந்நோய்க்கு எதிரான பொதுவான தற்காப்புகளுள் ஒன்றாகும்.

நிப்பிள் முறையில் நீர் மூடிய தொட்டியிலிருந்து மூடிய குழாய் வழியே வருகிறது. முனையிலுள்ள சிறு ஊசியைக் கோழி கொத்தினால் வால்வு திறந்து நீர் சொட்டுகிறது. அலகை எடுத்தவுடன் மூடிக்கொள்கிறது. நாள்தோறும் கலம் கழுவும் வேலை குறைகிறது. ஆகவே மாற்றம் விரும்பத்தக்கதே. அதனை நடத்தும் முறையில்தான் கவனம் தேவை.

தாகத்தின் கணக்கு

கோழியின் உடலில் பாதிக்கு மேற்பட்ட எடை நீரே. ஓட்டை நீக்கினால் முட்டையினுள் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கும் நீரே. முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் உண்டால், ஏறக்குறைய அதன் இருமடங்கு, அதாவது 220 முதல் 250 மில்லிலிட்டர் நீர் அருந்தும். வெப்பம் மிகுந்த நாளில் இது இருமடங்காகவும் உயரும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, நீரை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஆதலால் இவ்வழியில் வெளியேறும் வெப்பமும் குறைவு. மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் நீர் குறையுமானால் இடர் விரைந்து வரும்.

பட்டினியைத் தாங்கும் அளவுக்குக் கோழியால் தாகத்தைத் தாங்க இயலாது. உடல் நீரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கடுமையான கோளாறும், ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இறப்பும் நேரும் என்று கால்நடை அறிவியல் நூல்கள் கூறும். ஒரு நாள் முழுதும் நீர் இல்லையெனில் முட்டையிடுதல் குறைந்து, பழைய நிலைக்கு மீளப் பல நாட்கள் ஆகும். ஒன்றரை நாள் நீடித்தால் இறகு உதிர்ந்து முட்டையிடுவதே நின்றுவிடக்கூடும்.

ஐந்து கோழி வளர்க்கும் குடும்பத்தில் இதன் பொருள் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு ஐந்து கோழிக்கு நான்கு முட்டை என்று கொண்டால், இரண்டு கோழிகள் மூன்று வாரம் முட்டையிடாது போகையில் ஏறத்தாழ 34 முட்டைகள் இழப்பு. தீவனச் செலவோ தொடர்ந்து ஆகும். இதனைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கையிழப்பு. ‘அரசு கொடுத்த கோழி முட்டையிடவில்லை’ என்ற முடிவுக்கு அக்குடும்பம் வருகிறது. கூண்டு மாடி மூலையில் துருப்பிடிக்கிறது. கோழியின் இனத்திலும் தீவனத்திலும் குறை தேடப்படும். முதல் வாரத்துத் தாகம் ஒருவர் நினைவிலும் இராது.

கோழி நீர் அருந்தும் விதம்

பழக்குவதற்குமுன் கோழியின் இயல்பை அறிதல் வேண்டும். புறா நீரில் அலகை வைத்து உறிஞ்சிக் குடிக்கும். கோழியால் அவ்வாறு உறிஞ்ச இயலாது. அது அலகில் சிறிது நீரை அள்ளி, தலையை மேலே உயர்த்தி, நீரைத் தொண்டைக்குள் வழியவிடுகிறது. எனவே அதன் கண் எப்போதும் கீழே, பளபளக்கும் நீர்ப்பரப்பை நாடும். நிப்பிளோ தலைக்கு மேலே இருக்கிறது. நீர்ப்பரப்பு அங்கு இல்லை. வளர்ந்த கோழி குழப்பமடைவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் கோழியிடம் நமக்குத் துணையாகும் இயல்புகளும் உள்ளன. முதலாவது, கொத்தும் இயல்பு. பளபளப்பான சிறு பொருளையும் நீர்த்துளியையும் கண்டால் அது கொத்திப் பார்க்கும். கோழியின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் நான்கு வகை, மனிதருக்கு மூன்றே. நிறத்தையும் ஒளியையும் அது கூர்ந்து காணும். முனையில் தொங்கும் ஒரு துளி அதன் பார்வையில் பட்டால் வேலை பாதி முடிந்ததாகும்.

இரண்டாவது, பலனால் கற்கும் இயல்பு. அமெரிக்காவில் உளவியலறிஞர் ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940களிலிருந்து கோழி உள்ளிட்ட விலங்குகளைப் பல செயல்களுக்குப் பழக்கினர். சரியான செயலுக்கு உடனடியாகப் பலன் கிட்டினால் கோழி விரைவில் கற்கும் என்பதை அவர்கள் பணி காட்டியது. 1961இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை மற்றொரு பாடத்தையும் தந்தது: கற்பிக்கப்படும் செயல் விலங்கின் இயல்புணர்ச்சிக்கு மாறாக இருப்பின், பயிற்சி நழுவி இயல்பே மேலோங்கும். நிப்பிளைக் கொத்துவது கோழியின் இயல்போடு ஒத்த செயல். கொத்தியவுடன் நீர் கிடைப்பது உடனடிப் பலன். ஆதலால் முதல் கொத்து நிகழச் செய்வது ஒன்றே வளர்ப்பவரின் கடமை.

மூன்றாவது, பார்த்துக் கற்கும் இயல்பு. கோழிக் கூட்டத்தில் மேல் கீழ் என்ற வரிசை இருப்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எபே 1920களின் தொடக்கத்தில் விளக்கினார். உயர்நிலைக் கோழி கொத்த, தாழ்நிலைக் கோழி விலகும். பின்னாளில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், கோழிகள் தம் கூட்டத்தில் மேலோங்கிய கோழியைப் பார்த்து அதிகம் கற்கின்றன என்று காட்டின. எனவே கூட்டத்தின் தலைமைக் கோழி நிப்பிளைக் கற்றுக்கொண்டால் மற்றவற்றின் பாடம் எளிதாகும்.

கோழிக்குமுன் கருவி

பழக்கும் நாளுக்கு முன்பாகவே கருவியைச் சரிபார்க்க வேண்டும். கொத்தியும் நீர் வராத முனை, கோழிக்குத் தவறான பாடத்தைக் கற்பிக்கும்.

ஒவ்வொரு முனையையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊசி எப்பக்கம் அசைந்தாலும் நீர் தரும் வகை, மேல்நோக்கித் தள்ளினால் மட்டும் தரும் வகையைவிடப் புதிய கோழிக்கு எளிது. ஒரு நிமிடம் ஊசியை அழுத்திப் பிடித்து வழியும் நீரை அளந்தால், வளர்ந்த கோழிக்கு 60 முதல் 100 மில்லிலிட்டர் கிடைப்பது போதுமானது.

நீரழுத்தம் குறைவாக இருத்தல் அவசியம். மொட்டை மாடியில் உயரமாக உள்ள வீட்டுத் தொட்டியிலிருந்து நேரடியாகக் குழாய் இழுப்பது பரவலான தவறு. அழுத்தம் மிகுந்தால் ஊசி இறுகும். கோழியின் அலகுக்கு அது அசையாது. அல்லது ஓயாமல் ஒழுகும். மிதவை வால்வு கொண்ட ஒரு சிறு வாளியைக் கூண்டுக்கு ஓர் அடி முதல் இரண்டடி உயரத்தில் அமைத்து, அதிலிருந்து நீர் தருவதே தக்கது. குழாயில் காற்று அடைத்திருந்தால் கடைசி முனை வரை நீரை ஓடவிட்டு வெளியேற்ற வேண்டும்.

முனையின் உயரம் மற்றொரு நுட்பம். பழகிய கோழி நிமிர்ந்து நின்று கழுத்தைச் சற்று மேல்நோக்கி நீட்டிக் குடிக்குமாறு முனை இருக்க வேண்டும். ஆனால் கற்கும் நாட்களில் கண்மட்டத்திற்கு இறக்கி வைப்பது நல்லது. பார்வையில் படாத பொருளைக் கோழி கொத்தாது. ஐந்து கோழி உள்ள கூண்டில் குறைந்தது இரண்டு முனைகள், ஒன்றுக்கொன்று தள்ளி இருத்தல் வேண்டும். ஒன்றே இருப்பின் வலிய கோழி அதனைக் காவல் காக்கும்.

ஏழு நாள் முறை

கோழி வந்த நாளிலேயே பழைய கலத்தை நீக்கலாகாது. பயணம் செய்து வந்த பறவைக்கு முதலில் தேவை நீர், பாடம் அன்று. முதல் இரண்டு நாட்கள் அது அறிந்த தட்டில் நீர் வைத்து, அத்தட்டை நிப்பிள் முனைக்கு நேர் கீழே அமைக்க வேண்டும். இடையிடையே ஊசியைத் தட்டினால் துளிகள் தட்டில் விழும். விழும் ஓசையும் தெறிக்கும் ஒளியும் கோழியின் தலையை மேலே திருப்பும். துளி வரும் இடத்தை அது தானே தேடத் தொடங்கும்.

மூன்றாம், நான்காம் நாட்களில் காலை வேளையில் மட்டும் தட்டை எடுத்துவிடலாம். கோழி அதிகமாக நீர் அருந்துவது விடிந்த பின்னும், முட்டையிட்ட பின்னும், மாலையில் அடையும் முன்னும் ஆகும். விடிந்தவுடன் தீவனம் வைத்து, ஒருவர் கூண்டருகே நின்று ஒவ்வொரு முனையையும் மெல்லத் தட்டித் துளி தொங்குமாறு செய்ய வேண்டும். தீவனம் உண்ட கோழி நீர் தேடும். தொங்கும் துளியைக் கொத்தும். கொத்தியதும் வாயில் நீர் வரும். இரண்டு மணி நேரத்திற்குப் பின் தட்டைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் நாட்களில் நண்பகலிலும் மாலையிலும் மட்டும் தட்டு இருக்கலாம். இரவுக்கு முன் ஒவ்வொரு கோழியும் குடித்திருத்தல் இன்றியமையாதது. இருட்டில் கோழி நீர் தேடாது. ஏழாம் நாளில், எல்லாக் கோழிகளும் நிப்பிளில் குடிப்பதைக் கண்ணால் கண்ட பின்னரே தட்டை முற்றிலும் நீக்க வேண்டும். ஒன்று மட்டும் கற்கவில்லையெனினும் தட்டு இன்னும் சில நாள் இருக்கட்டும். நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வது தவறு. கோழியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நீரை முழுதும் நிறுத்தித் தாகத்தால் கற்கச் செய்யலாம் என்று கருதுவோர் உண்டு. இது ஆபத்தான வழி. வலிய கோழி கற்றுக்கொள்ளலாம். மெலிந்தது தளர்ந்து மூலையில் ஒடுங்கும். தளர்ந்த கோழிக்குக் கற்கும் ஊக்கமும் குன்றும். அவ்வாறே கடும் வெயில் நாளிலும், இறகு உதிரும் காலத்திலும், நோயுற்றிருக்கும்போதும் மாற்றத்தைத் தொடங்கலாகாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து தருவதாயின், எல்லாக் கோழிகளும் நிப்பிளில் பழகிய பின்னரே அவ்வழியில் தரலாம்; இல்லையெனில் கற்காத கோழிக்கு நீரும் இல்லை, மருந்தும் இல்லை.

கூச்சமுள்ள கோழி

ஐந்தில் ஒன்றேனும் பின்தங்குவது இயல்பு. அது பெரும்பாலும் வரிசையில் கடைசியாக உள்ள கோழியாகவே இருக்கும். அதற்குக் கற்கும் திறன் இல்லை என்பதைவிட, முனையருகே செல்லும் வாய்ப்பு இல்லை என்பதே உண்மை. அதனையும், அதனைத் துரத்தாத, நிப்பிள் அறிந்த மற்றொரு கோழியையும் ஓரிரு நாள் தனித் தடுப்பில் வைத்தால் போதும். கையில் எடுத்து அலகை முனையில் தொடச் செய்வதும் பயன் தரும். ஆனால் அச்சுறுத்தாமல், கோழி அமைதியுறும் மாலை வேளையில், ஓரிரு முறை மட்டுமே செய்ய வேண்டும்.

அறிகுறிகள்

கோழி நீர் குடிக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை; அளந்து அறியலாம். தொட்டியின் பக்கத்தில் லிட்டர் கோடுகள் வரைந்து, காலையும் மாலையும் மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஐந்து கோழிக்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் குறையும். அதைவிட மிகக் குறைந்தால் யாரோ குடிக்கவில்லை. மிக அதிகமாயின் ஒழுகல் உள்ளது.

தீவனம் மீதமாவது முதல் எச்சரிக்கை. நீர் அருந்தாத கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும். மாலையில் கழுத்தடியிலுள்ள தீவனப்பையைத் தடவிப் பார்த்தால், நீர் குடித்த கோழிக்கு அது மென்மையாகவும் நிறைவாகவும் இருக்கும். குடிக்காததற்குக் கெட்டியாகவோ வெறுமையாகவோ இருக்கும். கொண்டை சுருங்கிக் கருத்தல், கண் குழிதல், எச்சம் வறண்டு குறைதல் ஆகியன பிந்திய அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே திறந்த தட்டில் நீர் வைக்க வேண்டும்.

கிணற்று நீரும் வெயிலும்

திருவனந்தபுரத்தில் வீட்டுக் கிணறுகள் மிகுதி. செம்புரைக்கல் நிலத்துக் கிணற்று நீர் பல இடங்களில் புளிப்புத் தன்மையும் இரும்புச் சத்தும் உடையது. இரும்பின் படிவும் பாசியும் நிப்பிளின் நுண்ணிய வால்வை அடைக்கும். தொட்டிக்கு மூடியும், குழாய்வாயில் வடிகட்டியும் வேண்டும். ஒளி ஊடுருவாத குழாயைப் பயன்படுத்தினால் பாசி பிடிப்பது குறையும். வாரம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து நீரை வேகமாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். கிணற்றுக்கு 1000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வெளுப்புத்தூள் என்ற பொது நலத்துறை அளவு கோழிக்கும் பொருந்தும். நீரில் தடுப்பு மருந்து தரும் நாளில் மட்டும் குளோரின் கலவாத நீர் வேண்டும்.

மாடிக் கூண்டின் குழாய் நண்பகல் வெயிலில் சூடேறுகிறது. கோழி வெந்நீரைத் தவிர்க்கும். பழகிய கோழிகூட நண்பகலில் நிப்பிளை விட்டு விலகி நிற்பதற்கு இதுவே காரணமாகலாம். தொட்டியையும் குழாயையும் ஓலையாலோ சாக்காலோ நிழலிட்டு, வெயில் வேளையில் குழாயிலுள்ள சூடான நீரை ஒருமுறை வெளியேற்றினால் இக்குறை தீரும்.

திட்டம் வகுப்போர் கருத்திற்கு

மேற்கூறியவை ஒரு வீட்டில் செய்யத்தக்கவை. ஆயினும் ஆயிரம் வீடுகளில் ஆயிரம் முறை கற்பிப்பதைவிட, ஓரிடத்தில் ஒருமுறை கற்பிப்பதே சிக்கனமான வழி. குஞ்சுப் பருவத்தில் நிப்பிளைக் கற்றுக்கொள்ளும் பறவைக்கு இந்த இடர்ப்பாடே இல்லை. சில நாள் வயதுக் குஞ்சு மின்னும் துளியைத் தானே கொத்திக் கற்கிறது. வளர்ப்பகங்களில் தட்டுகளோடு ஒரு நிப்பிள் வரிசையையும் அமைத்து, கோழிகளை வீடுகளுக்கு அனுப்புவதற்கு முந்திய இரண்டு வாரங்களில் அதில் பழக்கினால், செலவு சிறிது, பயன் பெரிது.

இது இயலாத இடங்களில் மூன்று எளிய ஏற்பாடுகள் உதவும். கோழியுடன் அது எவ்வகைக் கலத்தில் நீர் அருந்தி வளர்ந்தது என்று எழுதிய சீட்டு ஒன்று தரப்பட வேண்டும். ஐந்து கோழிகள் வழங்கப்படுமிடத்து அவற்றுள் ஒன்றிரண்டேனும் நிப்பிள் அறிந்தவையாக இருக்க வேண்டும். அவை ஏனையவற்றுக்கு ஆசிரியராகும். கூண்டோடு ஒரு சாதாரண நீர்த்தட்டும் சேர்த்துத் தரப்பட வேண்டும். விலை உயர்ந்த கூண்டை வழங்கும் திட்டத்தில் சில ரூபாய்த் தட்டு விடுபட்டுப் போவதால் விளையும் இழப்பு மேலே கணக்கிடப்பட்டது.

பயிற்சி அலுவலரின் முதல் பார்வையும் உரிய காலத்தில் அமைய வேண்டும். கோழி வழங்கி ஒரு மாதம் கழித்துச் செல்லும் அலுவலர் விளைவைத்தான் காண்பார். மூன்றாம் நாள் செல்பவர் காரணத்தைக் காண்பார். அவர் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: ‘எல்லாக் கோழியும் குடிக்கக் கண்டீர்களா?’ இக்கேள்விக்குத் தயக்கமின்றி விடை கூறும் இல்லத்தில் முட்டையும் வருமானமும் தொடரும்.